பொத்திய கை

இரண்டு கல்லூரியும் என்னுடையதல்ல.
அதனால்தான் மேசை எனக்கு.
முழங்கால் சவ்வு கிழிந்த வருசத்திலிருந்து
நடுக்கோட்டுக்கு நேரே ஒரு கதிரை,
புள்ளித்தாள், நான்கு பேனை,
சூடாகிப்போன நெல்லிக் கிறஷ்.

முதல் கால்பகுதி சிவப்பு, இரண்டாவது நீலம்,
மூன்றாவது சிவப்பு, கடைசி நீலம்.
அப்படித்தான் எழுத வேணும்.
எவன் எப்ப இடித்தான், எப்ப இழுத்தான் என்று
பிறகு பார்க்கிறவனுக்கு நிறமே சொல்லும்.

விசில் ஊதினால் மத்தியஸ்தர் எங்களிடம் ஓடி வருவார்,
வாய் திறக்கமாட்டார்.
பத்து வரைக்கும் விரல் போதும்.
அதுக்கு மேலே என்றால் ஒரு கையைப் பொத்தி
மற்றக் கையால் மிச்சத்தைக் காட்டுவார்.
விரித்த ஐந்து விரல், ஐந்தாம் இலக்கம்.
பொத்திய கையோடு விரித்த ஐந்து, பதினைந்து.
வித்தியாசம் ஒரு கைதான்.

இறுதி ஆட்டம்.
ஒரு நிமிடம் பதினெட்டு செக்கன் மிச்சம்,
புள்ளிகள் சமன்.
குருநகர்ப் பக்கமிருந்து வந்த காற்று
தாளின் மூலையைத் தூக்கியது.
அமுக்கிப் பிடித்தேன்.
கூடைக்குக் கீழே மூன்று பேர் ஒன்றாய் விழுந்த சத்தம்.
விசில்.

சபாநடேசன் சேர் ஓடி வந்தார்.
அவருக்கும் எனக்கும் நடுவிலே
ஐஸ் வாளியோடு ஒருத்தன் கடந்து போனான்.
நான் கண்டது ஐந்து விரல்.

எழுதினேன், நீலத்தில்:
ஐந்தாம் இலக்கம், எமில்டன்.
ஏற்கெனவே நான்கு பெட்டி நிரம்பியவன்.
அதில் ஒன்று
விசிலைக் கேட்டுக் கைதட்டியதற்கு ரெக்னிக்கல்.

பக்கத்திலிருந்த வினோஜா
சிவப்பு ஐந்தைத் தூக்கிக் காட்டினாள்.
மதிலில் குந்தியிருந்த பெடியள் ஊளையிட்டார்கள்.
எமில்டன் பலகையைப் பார்த்தான்.
பிறகு பதினைந்தைப் பார்த்தான்.
பதினைந்து கஜீபன், அன்றைக்கு இருபத்தாறு புள்ளி.
அவனுக்கும் நான்கு.
அவன் தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்து
முதலிலிருந்து கட்டத் தொடங்கினான்.

எமில்டன் கையை உயர்த்தினான்.
பவுல் செய்தவன் உயர்த்துகிற மாதிரியே,
நேராக, முழங்கை மடியாமல்.
நடந்துபோய் வாங்கிலில் இருந்து
துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

சேர் திரும்பிப் பார்த்தார்.
அவருடைய வலது கை இன்னும் பொத்தியபடியே இருந்தது.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பொத்திய கையை மெதுவாய் விரித்து
காற்சட்டையில் துடைத்தார்.
இரண்டு பிறீ துறோ என்று காட்டினார்.

சவரிமுத்து மகன் வந்து எறிந்தான்.
ஒன்று விழுந்தது, ஒன்று வளையத்தைச் சுற்றி வெளியே போனது.
கடைசி நான்கு செக்கனில்
பந்து கஜீபனிடம் வந்தது.
அதுக்குப் பிறகு என் காது கேட்கவில்லை.

பிழையாய் எழுதியதைத் திருத்தலாம்,
மத்தியஸ்தர் கையெழுத்து வைக்கும் வரைக்கும்.
விதியில் இருக்கிறது.
பாடமாய்த் தெரியும் எனக்கு.
மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்,
கஜீபனைத் தோளில் வைத்திருந்தார்கள்,
துவாயோடு ஒருத்தன் தோளுக்குக் கீழே
நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.
அவன் செய்தது தியாகமா களவா
என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே
பேனையைச் சேரிடம் நீட்டினேன்.
அவர் வாசிக்காமல் வைத்தார்.

தாளின் அடியில் என் பெயரும் உண்டு.
விளையாடியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து பெட்டி,
பயிற்றுநருக்கு மூன்று.
என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு கோடு மட்டும்.

வென்றவர்களுக்கு இளஞ்சிவப்புப் பிரதி,
தோற்றவர்களுக்கு மஞ்சள்.
தோற்ற கப்டன், பாசையூர்ப் பெடியன்,
உதட்டில் இரத்தம் காயாமல் வந்து நின்றான்.
கிழித்துக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
காபன் தாளில் சிவப்பும் இல்லை நீலமும் இல்லை,
எல்லாப் பவுலும் ஒரே கறுப்பு.

நான்காய் மடித்து
நனைந்த காலுறைக்குள் செருகிக்கொண்டு
“தாங்ஸ் அக்கா” என்றான்.