எரித்தபின் இழப்பு

அதிகாலை இரண்டு நாற்பதுக்கு
துவாஸ் தெற்கில் மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டியது.
ஒரு நொடிகூட இருக்காது.
விளக்குகள் திரும்பின.
உருளை திரும்பவில்லை.

பதினோரு மீட்டர் உலோகக் குழாய்.
உள்ளே ஐந்நூற்றைம்பது டிகிரி,
அதற்குள் துத்தநாகக் கார்பனேட்.
சூட்டோடு நின்றுவிட்டால் தன் எடை தாளாமல்
நடுவில் தொய்ந்துபோகும்.
புதுக் குழாய் வந்து சேரப் பதினான்கு மாதம்.
உதவி மோட்டார் இருக்கிறது, காகிதத்தில்.
எனவே கைப்பிடி.

கால் சுற்று. நான்கு நிமிடம். கால் சுற்று.
மொனிருல் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
அவனுக்கு என் தமிழ் புரியாது, எனக்கு அவன் வங்காளம்.
எண்ணுவதற்கு மலாயை வைத்துக்கொண்டோம்:
சாத்து, டுவா, தீகா,
அம்பாட்டில் தள்ளு.
பூன் கெங் தொலைபேசியில் யாரையோ எழுப்பினார்.
எழுந்தவர் இன்னொருவரை எழுப்பச் சொன்னார்.

வழக்கமாகக் குழாயின் முதுகில் சுத்தியல்கள் விழும்,
ஒட்டிய தூளை உதிர்க்க.
டங். பதினெட்டு நொடி. டங்.
ஆறு வருடமாக அது என் காதில் ஏறியதே இல்லை.
அன்றுதான் கேட்டேன், அது இல்லாததை.
அப்புறம் எங்கோ ஒரு கப்பல்,
அப்புறம் என் மூச்சு,
அதை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கண்ணாடித் துளை வழியே பார்த்தால் தூள் மஞ்சள்.
துத்தநாகம் அப்படித்தான்.
வெள்ளையாய்ப் போகும், சூட்டில் எலுமிச்சை நிறம் கொள்ளும்,
ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி வெள்ளை.
வந்த புதிதில், கெடுத்துவிட்டேன் என்று பயந்து
பதினைந்து கிலோவை வாளியில் ஒளித்துவைத்தேன்.
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
மறுநாள் வாளி சொன்னது.

நூறு கிலோ உள்ளே போனால்
எழுபத்து நான்குதான் வெளியே வரும்.
மிச்சம் புகைபோக்கியோடு போய்விடும்.
வந்ததை ஹஸ்லிண்டா ஒரு சிட்டிகை எடுத்து
சோதனைக்கூடத்தில் திரும்ப எரிப்பாள், நிறுப்பாள்.
அவள் தாளில் அந்தக் கட்டத்தின் பெயர்
எரித்தபின் இழப்பு.
ஒன்றுக்குக் கீழே இருந்தால் தேறியது:
விடவேண்டியதை ஏற்கெனவே விட்டுவிட்ட தூள்.

என்னையும் அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்ததுண்டு,
பெர்மிட் புதுப்பிக்கும் மாதங்களில்,
வீட்டுக்குப் பணம் அனுப்பிய இரவுகளில்.
என் எண் எப்போதும் ஒன்றுக்கு மேல்.

ஐந்து பத்துக்கு ஒருவர் வந்தார்,
தூக்கம் கலையாத முகத்தோடு.
ஒரு ஃபியூஸ். கட்டைவிரல் அளவு.
உருளை தானாகச் சுற்றத் தொடங்கியது.
நாங்கள் கைப்பிடியை விட மறந்து
கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றோம்.
மொனிருலின் உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது.
டங்.

ஏழு மணிக்கு ஹஸ்லிண்டா தாளோடு வந்தாள்.
இழப்பு: பூஜ்யம் புள்ளி ஒன்று.
இவ்வளவு குறைவாக நான் பார்த்ததே இல்லை.
சிரித்துவிட்டேன்.
அவள் தலையாட்டினாள். "மாத்தி."
மலாயில் அதற்குச் செத்தது என்று அர்த்தம்.
ஓடாமல் கிடந்த இடத்திலேயே வெந்து
துகளும் துகளும் பிணைந்துவிட்டனவாம்.
இனி ரப்பரோடு சேராது,
டயர்க்காரன் எடுக்க மாட்டான்.

பதினெட்டு மூட்டை. சிவப்புச் சீட்டு.
"காரணம்" என்ற இடத்தில் பூன் கெங்
பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்,
பிறகு எழுதினார்: மின்தடை, ஒரு நொடி.
அந்த இரண்டரை மணிநேரத்துக்குத் தாளில் கட்டமில்லை.
குழாய் மட்டும் நேராக இருந்தது.

கம்பெனி லாரியில் ஏறியதும் மொனிருல் தூங்கிப்போனான்.
பயனியர் சாலை சிக்னலில்
அவன் தோள் லேசாக முன்னே தள்ளியது.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஜூரோங் வந்தது, வெயில் வந்தது,
பச்சை விழுந்தது.
மறுபடி தள்ளினான்.
நான்கு நிமிடம், சரியாக.