பொத்தானை விடாமல்

பெட்ரீனா.
எழுத எளிது. எழுதிவிட்டேன்.
சொல்லத்தான் உதடுகள் ஒட்டிக்கொள்ளும்,
பனிக்காலத்து இரும்புக் கதவில்
ஈரக் கை ஒட்டுவதுபோல.

படகை வாங்கிய அன்று
இசாஃப்யோர்தூர் துறைமுகத்தில் ஒரு படிவம் தந்தார்கள்:
பெயரை மாற்றலாம், கட்டணம் சொற்பம்.
ஆல்டா என்று நிரப்பினேன். அலை என்று பொருள்.
வாயைத் திறந்தாலே வெளியே விழுந்துவிடும் பெயர்.
கையெழுத்துப் போடாமல் மடித்து
உரிமத்தோடு தகரப் பெட்டியில் வைத்தேன்.
பதினொரு வருடம்.

பள்ளியில் விடை தெரிந்தும்
தெரியாது என்றவன் நான்.
தெரியாது என்பது எனக்குத் தடையின்றி வரும்.
காப்பிக் கடையில் பிடித்ததைக் கேட்டதில்லை,
வாயில் வந்ததைக் கேட்டேன்.
மகள் பிறந்தபோது மனைவி விரும்பிய பெயர் பிர்கித்தா.
பதிவேட்டில் இருப்பது எல்வா.
யாரைக் கலந்துகொண்டு முடிவெடுத்தேன் என்று
இருவருக்கும் சொன்னதில்லை.

கரை திரும்பும்போது
வானொலியில் படகின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.
பொத்தானை அழுத்துவேன்.
ப் என்று கொஞ்சம் காற்று, பிறகு ஒன்றுமில்லை.
விரலை எடுத்துவிடுவேன்.
அந்த ஒன்றுமில்லையை
கட்டுப்பாட்டு அறையில் குத்லௌக் அடையாளம் கண்டுகொள்வாள்:
"பெட்ரீனாதானே? உள்ளே வா, மூன்றாம் மேடை."
நல்லவள்.
கிறிஸ்துமஸுக்குப் புகையிட்ட ஆட்டிறைச்சி கொடுத்தனுப்புவாள்.

நேற்று என்ன ஆயிற்றோ.
காட் மீன் இருநூறு கிலோ, வடக்குக் காற்று,
கையுறைக்குள் தண்ணீர்.
அழுத்தினேன்.
ப்.
விரலை எடுக்கவில்லை.

இந்த வானொலியில் ஒரு சங்கதி உண்டு:
ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை
இன்னொருவர் குறுக்கே பேச முடியாது.
விதி எனக்குத் தெரியும்.
எனக்கும் பொருந்தும் என்பதுதான் தெரியாது.

ப். ப். பெ.
திசைகாட்டியைப் பார்த்தேன்.
அலை தூக்கும்போதெல்லாம் அதன் முள்ளும்
திக்கித் திக்கித்தான்
திக்கைச் சொல்கிறது.

பின்னால் நான்கு படகுகள்.
பெரிய இழுவைக் கப்பல் ஒன்று வேகத்தைக் குறைத்தது.
அத்தனை பேர் காதிலும் என் மூச்சு.
பெ, பெ, பெட்ரீனா.
இருபது வினாடி இருக்கும். முப்பதாகவும் இருக்கலாம்.

விட்டேன்.
இரைச்சல்.
பிறகு குத்லௌக்:
"ஆ... ஆமாம். மூன்றாம் மேடை."

படிவம் இன்னும் பெட்டியில்தான்.
அதன் பின்பக்கத்தில்
நேற்றைய எடைக்கணக்கை எழுதிவைத்திருக்கிறேன்.

இரவு சமையலறையில்
எல்வாவிடம் அவளுடைய இன்னொரு பெயரைச் சொல்லத் தொடங்கி
பி-யிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.
முடித்துவைக்க அவளுக்கு அந்தச் சொல் தெரியாது.
உருளைக்கிழங்கு உரிக்கிறாள்.
தோல் நீளமாக, அறுபடாமல்
இறங்கிக்கொண்டே இருக்கிறது.