இதைக் காட்டுவது எளிது

நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது:
"இதைக் காட்டுவது எளிது."
எனக்குப் பதினோரு ராத்திரி.

நீடாமங்கலத்தில் சுருள்கம்பி போட்ட ஜெராக்ஸ்.
அட்டையில் மெஹருன்னிசா, இரண்டாமாண்டு,
எந்தக் கல்லூரியோ.
குவாண்டம் வகுப்பு அவள் கையெழுத்தில் ஓடுகிறது;
ஓரத்தில் பொடியாக, "பசிக்குது".

துகள் எல்லாப் பாதையிலும் போகுமாம்.
மூணாறு தலைப்பில் லஸ்கர் வேலை பார்ப்பவனுக்கு
இது லேசில் இறங்காது.
பலகையை நான் இறக்கினால்
கோரையாற்றுக்குத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.
முறை தப்பினால் மண்வெட்டியோடு வருகிறவர்கள்
வீச்சுகளைக் கூட்டு,
அப்புறம் வர்க்கப்படுத்து
என்று சொல்வதில்லை.

பன்னிரண்டாம் ராத்திரி, மூன்றரை மணி.
மட்டம் பார்க்க இறங்கினேன்.
டார்ச் வெளிச்சம் அளவுகோலில் படுகிறது,
தண்ணீருக்குள் அதே எண்கள் தலைகீழாக.
அட,
ஒரு கழித்தல் குறியை விட்டிருக்கிறாள்.
அந்தப் பசியில்தான்.

மேலே ஓடிவந்து போட்டேன்.
முரண்டு பிடித்த உறுப்புகள்
ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயின.
யாரிடம் சொல்ல?
ஆறு மூன்றாகப் பிரிகிற சத்தம் மட்டும்.

பதிவேட்டில் நாலடி இரண்டங்குலம் எழுதி
பக்கத்திலேயே பெரிதாக "சரி" என்றும் எழுதிவிட்டேன்.

காலையில் இன்ஜினியர் கேட்பார், எது சரி என்று.
ஷட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.