மூன்றாவது கொக்கி

மார்த்தாண்டத்தில், முகைதீன் பிச்சை கடையில்
கொக்கிகள் சாக்கோடு கிடந்தன,
மஞ்சள் பெயின்ட், பளபளப்பு, கிலோ கணக்கில் விலை.
ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.
எவ்வளவு தாங்கும் என்று
எந்தப் பக்கமும் எழுதியிருக்கவில்லை.
"ஊமைக் கொக்கி வேண்டாம் காக்கா" என்றேன்.

அவர் உள்ளே போய்
எண்ணெய்த் தாளில் சுற்றிய மூன்றைக் கொண்டுவந்தார்.
கறுப்பு. முதுகில் பத்து, எட்டு என்று
அடித்துப் பதித்த எண்கள்.
பற்றவைக்க அடியில் தட்டைப் பீடம்.
சங்கிலியின் ஒரு கண்ணி உள்ளே இறங்கினால்
அடுத்த கண்ணி தாண்டாத அளவுக்கு வாய்.
விலையைச் சொன்னார்.
என் வாய்தான் அடைத்துப்போனது.

ஆனாலும் வாங்கினேன்.
ஆனி மழையில், பொன்மனைத் தோட்டத்தில்,
பக்கெட்டின் உதட்டில் சுற்றிக் கட்டிய சங்கிலி
சேற்றுத் தண்ணீரில் வழுக்கி
ரப்பர் தடி விழுந்தது
சஜின் நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பீடி பற்றவைக்க நாலு தீக்குச்சி ஆனது.

குலசேகரத்தில் கிளாட்சன்
முதலில் தொட்டது இரும்பையல்ல, பேட்டரியை.
வயரைக் கழற்றி ஒதுக்கினான்.
பிறகு கிரைண்டரை வைத்து
பச்சைப் பெயின்ட், அதன் கீழே பழைய ஆரஞ்சு,
அதன் கீழே துரு,
எல்லாம் போய்
வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தான்.

"ரெண்டு போதும்.
சைடு தகடு மேல்விளிம்போட சேருற
இந்த மூலைக்கு ஒண்ணு, அந்த மூலைக்கு ஒண்ணு."
"மூணு வாங்கியிருக்கேன்" என்றேன்.
"ஒரே தடின்னா நடுவுலதானே பிடிக்கணும்?"

அவன் பதில் பேசாமல்
நீள ஸ்கேலை விளிம்பின்மேல் நிறுத்தினான்.
"எடே, குனிஞ்சு பாரு."
குனிந்தேன்.
இரண்டு முனையும் ஒட்டியிருக்க
நடுவில் மட்டும் வெளிச்சம்,
ஒரு விரல் நுழையும் அளவு.
"ஆரல்வாய்மொழிக்காரன் வளைச்சுத்தான் வித்திருக்கான்"
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வளைவின் ஓரத்தில் பெயின்ட் உரிந்த தடம்
என் சங்கிலியின் கண்ணிகளை
ஒன்றுவிடாமல் அச்செடுத்து வைத்திருந்தது.
இரண்டு வருஷத்து அச்சு.

விளிம்புக்கு உட்பக்கம் கனத்த தகடு ஒன்று
இரு மூலையிலும் வைத்தான்.
சூட்டுப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு குச்சியாக எடுத்தான்.
"நம்ம ஊரு ஈரம்
அடைச்ச டப்பாக்குள்ளயும் போவும் பாத்தியா."
நான் முகம் திருப்பி நின்றேன்.
சுவரில் என் நிழல்
நீலமாக வெட்டி வெட்டி விழுந்தது.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றப் போனவனைத் தடுத்தான்.
"பையப் பைய ஆறட்டு."
ஆறியது.
இரண்டு சாயா, ஒரு ஏத்தம்பழ பஜ்ஜி,
பேச்சிப்பாறை பஸ் போய்த் திரும்பும் நேரம்.
சுத்தியலால் தட்டிக் கசடு உதிர்த்தான்.
கீழே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த சீட்டுகள்போல
அடுக்கு அடுக்காய் வெல்டு.

"கொக்கி மூணு டன் தாங்கும்" என்றேன், பெருமையாக.
"வண்டி தாங்காது.
எண்ணூறு கிலோவுலயே உனக்க பின்சக்கரம் அந்தரத்துல நிக்கும்.
பின்னால கல்லு கெட்டு."

மறுநாள் ஒரு அயினித் தடி.
இரு மூலையிலிருந்தும் சங்கிலி இறங்கியது.
தடி தரையை விட்டது, ஒரு முழம், அதற்குமேல் வேண்டாம்.
கொக்கிகள் அசையவில்லை.
லிவரில் இருந்த என் கைதான் அசைந்தது.
சஜின் தள்ளி நின்றான்,
தேவைக்கும் அதிகமாகத் தள்ளி,
பாதை ஓரத்துக் கைதச்செடிகளுக்குள்.
"வா, பயமில்லை" என்று கூப்பிட நினைத்தேன்.
கூப்பிடவில்லை.
அவன் நிற்கும் தூரமும் சரிதான்.

மூன்றாவது கொக்கி
நாலு நாள் சீட்டுக்கு அடியில் உருண்டது.
பிறகு ஷைனி அதைத் தூக்கிக்கொண்டு போய்
அடுக்களை உத்தரத்தில் கயிறு கட்டி மாட்டினாள்.
மூன்று டன் தாங்கும் அதில்
இப்போது தொங்குவது
ஒரு மட்டிக் குலை.
தினமும் இரண்டு பழம் குறைகிறது.