எர்த்

சீட்டு எடுத்துவிட்டு ஏழு தவணை கட்டாத டெஸ்மண்ட்
தார்ப்பாயை விலக்கிக் காட்டினான்.
கூரை இல்லை, கதவு இல்லை,
பின்னால் ஃபோக்ஸ்வேகன் இன்ஜின் தொங்க
ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஃபைபர் தொட்டி.
மணல்மேட்டில் ஓட்டுகிற வண்டியாம், டூன் பக்கி.
கடல் எந்தத் திசை என்றே கேட்டறியாத
லிங்கராஜபுரத்தில்.
"இதற்குப் பன்னிரண்டாயிரம் வைத்துக்கொள்,
மீதி ஆறு பிறகு."
சீட்டுப் பணம் போய் இரண்டு சீட் வந்தது என்று
சிரித்தார் வேதமுத்து.
அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒயர்தான்.
பீன்யாவில் ஒன்பது வருடமாக
ஆணியடித்த பலகையில் புதுக் கார்களுக்கு
ஒயர்க்கட்டு கட்டுகிறேன்.
ஒன்றுக்குப் பதினோரு நிமிடம்.

இதில் முன்பு கைவைத்தவன் கடையில்
ஒரே சுருள்தான் இருந்திருக்க வேண்டும்.
ஹாரனுக்கும் நீலம், பிரேக்குக்கும் நீலம்,
எங்கேயும் போகாத ஒயருக்கும் நீலம்.
பஸ்ஸரை வைத்து ஒவ்வொன்றாக விசாரித்தேன்.
கீ என்றால் உயிர்.
பேசாவிட்டால் எலி.

பால்கணக்கு நோட்டின் பின்பக்கம்:
ஃப்யூஸ் பெட்டி, பழையது, இருநூற்று இருபது.
ஹெட்லைட் ஜோடி சேரவில்லை,
ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, நானூறு.
பேட்டரி, நாத்தனார் வீட்டு ஆட்டோவில் கழித்தது, இனாம்
(கிறிஸ்துமஸ் வரை சொல்லிக்காட்டுவாள்).
ஒயர் மட்டும் மீட்டர் விலையில் கட்டுப்படியாகவில்லை.
ஃபாக்டரியில் கொஞ்சம் எடுத்தால் என்ன என்றது கை.
கேட்டில் பையைக் கவிழ்த்துப் பார்க்கும் மஞ்சுளம்மா
கையைவிடக் கெட்டிக்காரி.

பூசை முடிந்து சிவாஜிநகர் குஜிரி.
மோதி நசுங்கிய கார்களிலிருந்து உருவிய கட்டுகள்
கிலோ கணக்கில் கிடந்தன.
முந்நூற்று அறுபதுக்கு ஒன்று.
வீட்டில் டேப்பைப் பிரித்தால்
கிளை பிரிகிற இடத்தில் வெள்ளைத் துண்டு,
ஊதா மையில் வட்டம், நடுவே 47.

நாற்பத்தேழு நான்தான்.

தேதி மங்கியிருந்தது. இரண்டாவது ஷிப்ட் என்று மட்டும் தெரிந்தது.
அன்று பிலோமிக்குக் காய்ச்சலா, பஸ் தாமதமா,
சூப்பர்வைசர் கத்தினானா?
யாரோ இதை வாங்கி, மாலை போட்டு,
சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து
எங்கே கொண்டுபோய் மோதினார்கள்?
மஞ்சள் உறைக்குள் ஓடும் ஏர்பேக் ஒயரை மட்டும்
முனைக்கு முனை பஸ்ஸர் வைத்துப் பார்த்தேன்.
கீ.
மறுபடி வைத்தேன்.
கீ.
அப்புறம்தான் சோறு இறங்கியது.

இரும்பு வண்டிக்கு உடம்பே எர்த்.
ஃபைபருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை,
ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக
ஒரு பழுப்பு ஒயர் திரும்பி வந்தாக வேண்டும்.
இது தெரியாமல் மூன்று மெக்கானிக்குக்கு
அழுதிருக்கிறான் டெஸ்மண்ட்.
போனது திரும்பி வர வழி வைக்கணும் என்று
சீட்டு நடத்துகிறவளுக்கா தெரியாது.

பதினாலாவது ஞாயிறு, ராத்திரி பத்தரை.
வேதமுத்து சாவியைத் திருப்பினார்.
ஒரு கண் மஞ்சளாக, ஒரு கண் வெள்ளையாக
எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தது வண்டி.
இடது இண்டிகேட்டர் போட்டால் ஹாரனும் முனகியது.
அது ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஆர்.சி. புத்தகம் இல்லை, மெயின் ரோடு ஆகாது.
தெருக்கோடியில் நாலு மாடிக்கு வந்திறங்கிய
எம்-சாண்ட் குவியல், இடுப்பளவு.
"ஏத்துங்க" என்றேன்.
பாதி ஏறி, சுழன்று, அச்சுவரை புதைந்து நின்றது.
கன்னடத்தில் தொடங்கித் தமிழில் திட்டிக்கொண்டே
மேஸ்திரி வந்தார்.
பனியனோடு ஓடிவந்து தோள்கொடுத்தான் டெஸ்மண்ட்.
தள்ளுகூலியை மீதி ஆறாயிரத்தில் கழிக்கச் சொன்னான்.
நூறு என்றேன்.
மணலை எத்திக்கொண்டே
நூற்றைம்பது என்றான்.