ஏழு புள்ளி ரெண்டு

பூம்பாறை சமுதாயக் கூடத்தில்
மாதம் ஒரு செவ்வாய்
விரல் குத்தி எண் சொல்வது என் வேலை.

வரிசையில் பதினொன்றாவது மாயக்கா.
வயது முப்பத்தி நாலு. பூண்டு வயலிலிருந்து
நேரே வந்திருந்தாள்; கொசுவத்தில் வெள்ளைத் தோல்,
நகக்கண்ணில் மண்.
ஸ்பிரிட் பஞ்சால் மூன்று முறை துடைத்தும்
தோல் எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை.
ஊசி இறங்கியது.
ரத்தம் வரலாமா என்று கொஞ்சம் யோசித்தது.

ஏழு புள்ளி ரெண்டு.

பன்னிரண்டு இருக்கணும் என்றேன்.
“இருந்தா?” என்றாள்.
“இன்னும் நாலு பாத்தி சேத்து வெட்டச் சொல்வாக.”

பிறகு மடியிலிருந்து ஒரு பாலிதீன் பை.
“காலையில கொத்துல மாட்டிருச்சு, ரெண்டாப் போச்சு.
நீங்க பாம்பு படிச்சவுகளாமே.”

படித்தேன், பழனியில், பதினாறு வருடம் முன்னால்.
வேலை கிடைத்ததென்னவோ மனித ரத்தத்தில்.

ஊரில் மண்ணுளி. புத்தகத்தில் கவசவால்.
நேற்றைய தினசரியை விரித்து அதன்மேல் வைத்தேன்.
தலை, சீவிய பென்சில்.
வால் முடியவேயில்லை;
யாரோ சாய்வாக நறுக்கிவிட்டு மறந்துபோனது போல் ஒரு முகம்,
அதில் சொரசொரத்த தகடு,
தகட்டில் ஒட்டிய ஒரு பொட்டு மண்.
தன் பின்னாலேயே கதவடைத்துக்கொண்டு போகிற உயிர்.

கால் இல்லை. இருந்ததற்குத் தழும்பும் இல்லை.
இடது நுரையீரலைத் தேடித்தான் பார்க்கணும்.
கண், ஒரு கடுகு; அதற்கும் மேலே செதில்.
யாரும் எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை.
எண்ணித் தீராத மழைக்காலங்கள்
மண் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது:
இவ்வளவு மூட்டையோடு உள்ளே வர முடியாது.

பிளேடால் நீளவாக்கில் கீறினேன்.
கழுத்துப்பக்கம் சதை சிவப்பு,
கறிக்கடைத் தராசில் ஈரல் கிடக்குமே, அந்தச் சிவப்பு.
போகப் போக வெளிறி
வால்பக்கம் வெந்த முள்ளங்கி.

வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக்கொண்டது.
சொன்னேன்:
தோல் அசையாது நிற்கும்.
உள்ளே முதுகெலும்பு மட்டும் வளைந்து புடைக்கும்,
புடைத்த இடம் ஆப்புப்போல் பொந்தில் இறுகும்.
எலும்பு நிமிர்ந்தால் தலை ஒரு விரற்கடை முன்னே.
திரும்ப வளையணும். திரும்ப நிமிரணும்.
இந்தப் பாட்டுக்குத்தான்
முன்பக்கச் சதை பிராணவாயுவைத் தானே முடிந்து வைத்திருக்கிறது,
பஸ்ஸுக்கென்று முந்தியில் முடிந்த சில்லறையாக.
அந்தச் சில்லறைக்குத்தான் அந்தச் சிவப்பு.
பின்பக்கம் சும்மா இழுபட்டு வரும்.

“முன்னாடி கூலியாளு, பின்னாடி குடித்தனம்” என்றாள் மாயக்கா.

குடித்தனத்தைத் திறந்தேன்.
மூன்று குட்டிகள். தீக்குச்சி கனம்.
முட்டை இல்லை; இந்த மலைக்குளிரில்
முட்டையை மண்ணிடம் நம்பிக் கொடுக்க முடியாது,
வயிற்றோடு சுமந்து சூடு தேடணும்.
இதை நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
சன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்தது.

“இதுக்கு எத்தனை இருக்கும்?”
எது?
“அந்த எண்ணு.”

கூடாதுதான். ஒரு பட்டை பதினெட்டு ரூபாய், கணக்கு உண்டு.
ஆனாலும் ஒரு துளி வைத்தேன்.
மெஷின் சுற்றியது, சுற்றியது,
பிழை என்றது.
மனிதருக்கென்று செய்த மெஷின்.
பாம்பின் சிவப்பணு ஒவ்வொன்றிலும்
நடுவில் ஓர் உட்கரு குடியிருக்கிறது.
பாலூட்டிகள்தான் அதையும் வெளியே தள்ளிவிட்டு
அந்த இடத்திலும் சரக்கு ஏற்றினோம்.
அப்படி ஏற்றியும்
ஏழு புள்ளி ரெண்டு.

இரும்பு மாத்திரை முப்பது எண்ணிக் கொடுத்தேன்.
முந்தியில் முடிந்தாள்.
தினசரியோடு பாம்பைச் சுருட்டிக் கையில் எடுத்தாள்.
“வெட்டுன எடத்துலயே போட்டுர்றேன்” என்றாள்,
“மேல கெடந்தா காக்கா தூக்கிரும்.”

பழக்கத்தில் பதிவேட்டில்
பன்னிரண்டு என்று எண் போட்டு
பிழை என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு நிமிர்ந்தால்
பன்னிரண்டாவது ஆள்
விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.