எட்டின் தோள்

பகலில் நான் பைபாஸ் ரோட்டில்
ஒரு பல் ஆஸ்பத்திரியின் வாசல் குரல்.
தானே போன் பண்ணிவிட்டு
"நீங்க யாரு?" என்று என்னைக் கேட்பவர்களையும்
ஸ்பீக்கரில் போட்டுக் குழம்பு தாளிப்பவர்களையும்
எட்டு மணி நேரம் பொறுப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

அதற்கு மேல் பொறுப்பது இலவசம்.
ஷேர் ஆட்டோவில் என் விலாவில் ஒரு முழங்கை.
முழங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு செல்போன்.
அதில் யாரோ சிரிக்கிறார்கள்,
அதே சிரிப்பு, பதினேழாவது தடவை.
தோண்டி
மூடி
எதையோ உள்ளே வைத்து மறந்ததுபோல்
மறுபடி தோண்டிய தெருமுனையில் இறங்கி
ஐந்நூறை நீட்டினால்
நானே அச்சடித்த நோட்டு என்பதுபோல்
டிரைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து
ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் மறந்துவிடலாம்.
ஃபேன் சுற்றினால்.

வில்லாபுரத்தில் கரண்ட் போன மறு நிமிடம்
என் போன் அடிக்கும்.
"ஈபி ஆபீஸா?"
ராங் நம்பருங்க.
"எப்ப வரும்?"
ராங் நம்பர்னு சொல்றேன்ல.
"அதான், எப்ப வரும்னு கேக்குறேன்."

ஒருவர், பேர் வெள்ளைச்சாமி,
இனிஷியலோடு அவரே சொன்னார்,
"பில்லு மட்டும் கரெக்டா போடத் தெரியுதுல்ல"
என்று என் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கினார்.
நானும் அதே இருட்டில்,
அதே பில்லைக் கட்டிவிட்டு,
நைட்டி முதுகில் ஒட்ட
ஆனந்த விகடன் அட்டையால் விசிறிக்கொண்டு
கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில்தான் துப்புக் கிடைத்தது.
டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாலிருக்கும் சுவரில்
ஆபீஸ் நம்பர், நீலப் பெயிண்டில்.
பக்கத்தில் ஒரு காதணி விழா போஸ்டர்.
கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள் பதினான்கு பேர்,
நடுவில் அழப்போகிற குழந்தை.
போஸ்டரின் மூலை சரிந்து
கடைசி எட்டின் வலது தோளில் ஒட்டியிருந்தது.
தோள் போன எட்டு, ஆறு.
அந்த ஆறு நான்.

நகத்தால் சுரண்டினேன்.
இந்த ஊரில் பாலத்துக்குப் போடும் சிமென்ட்டைவிட
போஸ்டருக்குப் போடும் பசை கெட்டி.
மூன்றாம் மாமனின் மீசை மட்டும் உரிந்து வந்தது.
"ஏம்மா, அதுல ஒனக்கு என்ன வேல?"
டீக்கடையிலிருந்து அதட்டிய ஆளைத் திரும்பிப் பார்த்தேன்.
கூலிங்கிளாஸ் இல்லை.
மீசை இருந்தது, இப்போது என் கையில் இருக்கும் அதே மீசை.

பிறகு ஒரு ராத்திரி, மாவுக்கடையிலிருந்து ஒரு பெண்.
"அக்கா, நாலு படி அரிசி.
பாதி அரைஞ்சும் அரையாம நிக்குது.
விடிஞ்சா ஆளுக தூக்குவாளியோட வந்துருவாக."
ராங் நம்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது ஆஸ்பத்திரிக் குரல்,
டாக்டர் இன்னும் குளிக்காத நேரத்தில்
வந்துட்டே இருக்காங்க என்று சொல்லும் அந்தக் குரல்.
"பத்து நிமிஷத்துல வந்துரும்மா."

ஒன்பதாவது நிமிடம் வந்துவிட்டது.
சனியன், வராமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவனியாபுரம் வரைக்கும் நான் ஈபி அக்கா.
மழை போஸ்டரைக் கரைத்து
எட்டுக்குத் தோள் முளைத்த பிறகும்
யாரும் எட்டைக் கூப்பிடுவதில்லை.
வெள்ளைச்சாமி இப்போதெல்லாம்
"சாப்பிட்டீங்களா மேடம்?" என்று ஆரம்பிக்கிறார்.
பத்து என்றால் பத்து, இருபது என்றால் இருபது,
வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன்.
தப்பினால் காற்றைத் திட்டுகிறார்கள்,
மரக்கிளையைத் திட்டுகிறார்கள்.
என்னைத் திட்டுவதில்லை.

நேற்று ஒன்றரை மணி நேரம்.
சொன்ன பத்தெல்லாம் தீர்ந்துபோய்
கடைசியில் நானே எட்டுக்கு அடித்தேன்.
ரொம்ப நேரம் கழித்து ஓர் ஆள் எடுத்தார்.
பின்னால் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.
"சார், கரண்ட் எப்ப வரும்?"
பெருமூச்சு.
எனக்குத் தெரிந்த பெருமூச்சு.
"ராங் நம்பரும்மா."

"அதான் சார்," என்றேன்,
"எப்ப வரும்?"